துணிக்கை

செவ்வாய்க்கிழமை சிவப்பு ஓடும்.
புதன் கருநீலம்.
பெருநாளுக்கு முந்திய கிழமைகளில்
இன்றைக்கு என்ன நிறமென்று
வாய்க்காலுக்கே தெரியாது.

பெரியநீலாவணைப் பக்கம் போகிற தண்ணீர்
ஊர்ப்பெயரைக் காப்பாற்றத்தான் நீலமாய்ப் போகிறதென்று
மருதமுனையில் ஒரு பகிடி.
கிணறு நிறம் மாறிய வீட்டில்
அதைச் சொல்லமுடியாது.

சாயப்பட்டறை முபீத்
என் கரண்டியைப் பார்த்துச் சிரித்தான்.
தவணைச் சோதனையில் இரசாயனவியலுக்கு
என்னைவிட எட்டுப் புள்ளி கூட எடுத்தவன்.
"சேத்தை அள்ளி என்ன செய்யப் போறீங்க, டொக்டர்?"
வளர்க்கப் போகிறேன் என்றேன்.

உண்மைதான்.
இத்தனை வருடம் சாயம் குடித்தும்
சாகாத ஏதோ இந்தச் சேற்றில் இருக்கும்.
சாகாததைத் தேடித்தான் வந்தேன்.

சம்மாந்துறை ஆய்வுகூடத்தில்
பதினேழு தட்டில் பதினாறு பூஞ்சணம் பிடித்தது.
மிஞ்சியதில் வெளிர்மஞ்சளாய் ஒரு பொட்டு.
அந்தப் பற்றீரியா வளர்ந்த நீரை வடித்து
வெள்ளி நைத்திரேற்றுத் துளிகள் விட்டு
இருட்டில் வைத்தேன்.
அன்றிரவு கரண்ட் போனது.
குலுக்கும் மேசை நின்றுபோனது.
விடியப் போய்ப் பார்த்தால்
குடுவை நிறையப் பிளேன்ரீ.

கரைந்து கிடந்த வெள்ளி
கூடியும் கூடாத அளவில் நின்றுவிட்டால்
தேயிலை நிறம் காட்டும்.
ஒரு பஞ்சிழையின் குறுக்கே
ஆயிரத்தை வரிசையில் நிறுத்தலாம்.
துணியில் தொடங்கிய வேலை
துணிக்கையில் வந்து நிற்கிறது.
தமிழ் இந்தச் சோதனையை
எனக்கு முன்பே செய்துவிட்டது.

லுஹர் பாங்கோடு
பட்டறைக் கூரையில் இரண்டு போத்தல் வைத்தோம்.
இரண்டிலும் வாய்க்கால் நீலம்.
ஒன்றில் மட்டும் என் பிளேன்ரீயிலிருந்து சில சொட்டு.
அஸருக்கு முன்
அது வெளுத்துவிட்டது.

"பன்னிரண்டு வருசமா
சாயம் போகாது எண்டு சத்தியம் பண்ணி விக்கிறன்.
நீங்க பின்னேரத்துக்குள்ள போக்கிட்டீங்க."
நீலம் ஊறிய கையை நீட்டினான்.
வெள்ளி கறுப்பாக்கிய விரல்களால் கொடுத்தேன்.
இரண்டும் சவர்க்காரத்துக்குப் போகாது.
தோல் உரிந்தால்தான்.

வேலையாட்கள் போத்தலோடு படம் எடுத்தார்கள்.
நான் வெங்காயத்தைப் பற்றிப் பேசவில்லை.

மூன்று வெங்காயம், மூன்று நாள்.
நல்ல தண்ணீரில் இருந்தது தாடி வளர்த்தது.
சாயத்தில் இருந்தது மொட்டை.
வெளுத்த தண்ணீரில் இருந்ததற்கு
மூன்று மில்லிமீற்றர் வேர்.
பிறகு அதுவும் பழுப்பாகி நின்றுவிட்டது.

நிறம்தான் உடைந்திருக்கிறது.
உடைந்த துண்டுகள் உள்ளேயே.
நான் போட்ட வெள்ளியும் உள்ளேயே.

அடுத்த கிழமை போய்ச் சொன்னேன்.
முபீத் கனநேரம் பேசவில்லை.
கொதிக்கிற பானையில் நூல்கண்டைத் திருப்பிப் போட்டான்.
"நிறமா ஓடேக்க ஊரே வந்து ஏசினிச்சு, ஹிஷாமா.
பச்சைத் தண்ணி மாதிரி ஓடினா
ஆரு வந்து ஏசுவா?"

குறிப்பேட்டில்
அதற்கு அட்டவணையில் இடம் இருக்கவில்லை.
ஓரத்தில் எழுதினேன்,
கறுத்த விரல் பட்டு ஒரு சொல் மங்கியது.
போத்தலில் 'குடிக்க வேண்டாம்' என்று ஒட்டினேன்.
தாகத்தோடு வருகிறவனுக்கு
அது தண்ணீர்தான்.

இன்று புதன்.
செருப்பைக் கழற்றிவிட்டு
கருநீலத்தில் இறங்குகிறேன்.
துண்டுகளையும் தின்னப் பழகிய ஒன்று
இன்னும் அடியில் இருக்கக்கூடும்.
இல்லாமலும் போகலாம்.
கரண்டி எட்டவில்லை.

மேலே நின்று முபீத்
சாயம் கிண்டுகிற நீளக் கட்டையை நீட்டுகிறான்.
"இதாலே கிளறுங்க" என்கிறான்,
"கவனம், வழுக்கும்."